ஏடு பெரிதா? உயிர் பெரிதா?

“இதற்கு முன் இப்படியொரு சட்டம் இருந்ததுண்டா? நம் முன்னோர் இதைச் செய்தனரா? அவர்கள் செய்யாததை நாம் செய்யலாமா?”

எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும், எந்தச் சீர்திருத்தம் தலைகாட்டினாலும் அதன் எதிரே பழமைவாதி நீட்டுகின்ற கேள்விகள் இவை. கேட்பவர் ஓலைச் சுவடியைக் காட்டிக் கேட்கலாம். தோலட்டை போட்ட சட்டப் புத்தகத்தைக் காட்டியும் கேட்கலாம். உடை வேறு, மொழி வேறு, நாடு வேறு. உட்பொருள் மட்டும் ஒன்றே: செத்தவர் எழுதியதே வாழ்பவருக்கு விதி!

2023-ஆம் ஆண்டில், அறிவியலில் உலகுக்கே வழிகாட்டுவதாகச் சொல்லப்படும் அமெரிக்க நாட்டில், ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டது. கேட்டதோடு நிற்கவில்லை, “முன்னோர் செய்யவில்லை, ஆகவே நாமும் செய்வதற்கில்லை” என்று விடையும் அளித்தது. எதைப் பற்றி? ஒரு பெண்ணை அடித்து, வெளியே சொன்னால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டியவனுடைய கையிலிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாமா என்பதைப் பற்றி!

வியப்பாக இருக்கிறதல்லவா? அந்த வழக்கை ஆராய்ந்து பார்ப்பது அமெரிக்கர்க்கு மட்டுமல்ல, பகுத்தறிவை வழித்துணையாகக் கொண்ட எவருக்கும் பயன் தரும்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் துப்பாக்கி என்பது உரிமையன்று. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். அமெரிக்காவிலோ, 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் படைக்கலம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்று கூறுகிறது. அது தனி மனிதன் ஒவ்வொருவனுக்கும் உள்ள உரிமையே என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, அங்கே ஒருவனிடமிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டுமானால், ஏன் என்பதற்கு அரசுதான் காரணம் காட்டியாக வேண்டும்.

ஒரு காரணத்தை அந்நாடு நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கிறது. கெனடியும் மார்ட்டின் லூதர் கிங்கும் குண்டுக்கு இரையான துயரத்திற்குப் பின், 1968-இல் பிறந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெருங்குற்றம் புரிந்து தண்டனை பெற்றவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றது. திருடன் தொடக்கூடாது, கொள்ளைக்காரன் தொடக்கூடாது, மோசடிக்காரன்கூடத் தொடக்கூடாது. நன்று!

ஆனால், மனைவியின் பல்லை உடைத்தவன்? அவன் தொடலாம்! ஏனென்றால், பெரும்பாலான இடங்களில் அவன் செய்தது ‘பெருங்குற்றம்’ என்ற கணக்கில் வருவதேயில்லை. கடைத்தெருவில் முன்பின் அறியாதவனை அடித்திருந்தால் கடுங்குற்றம் என்று வழக்குத் தொடுத்திருப்பார்கள். அடித்தது அடுக்களையில், அடிபட்டவள் மனைவி. எனவே, ‘சிறு குற்றம்’ என்று சீட்டு ஒட்டிச் சில நாள் சிறையோடு அனுப்பிவிட்டார்கள். மோசடிக் கணக்கு எழுதியவனுடைய கை ஆபத்தான கை. மனைவியின் கழுத்தை நெரித்தவனுடைய கை ஆபத்தில்லாத கை! இதுதான் அன்றைய சட்டத்தின் தராசு.

இந்தத் தராசு எங்கே செய்யப்பட்டது? 1868-இல் வட கரோலினா மாநில உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கணவன் மனைவியை மிலாறு கொண்டு மூன்று முறை அடித்தான். கட்டைவிரலைவிடத் தடிப்பில்லாத மிலாறுதானே, அடிக்க அவனுக்கு உரிமை உண்டு என்று கீழ் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேலே இருந்த நீதிபதிகள் என்ன செய்தனர்? அடிபட்டவள் அவனுடைய மனைவியாக இல்லாதிருந்தால், ஐயத்துக்கிடமின்றி இது குற்றமே என்று ஒப்புக்கொண்டனர்! ஒப்புக்கொண்டுவிட்டு, இத்தகைய சிறு நிகழ்ச்சிகளுக்காகக் குடும்ப ஆட்சியில் தலையிடமாட்டோம் என்று கைகழுவினர். மூன்றாண்டுகள் கழித்து, 1871-இல், அலபாமா மாநில உச்சநீதிமன்றம், மனைவியை அடிக்கக் கணவனுக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று தீர்ப்புக் கூறியது. காலம் மாறத் தொடங்கியது என்பது உண்மை. ஆயினும், அடிக்கும் உரிமை போன பின்னும், அடித்த குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டும் வழக்கம் போகவில்லை. நீதிபதி இறக்கிவிட்ட திரை, வீட்டு வாயிலில் தொங்கிக்கொண்டே இருந்தது.

திரைக்குப் பின்னால் நடப்பது என்ன? முதல் நாள் அறை, மறுநாள் உதை, பிறகு அழுகை, மன்னிப்பு, சத்தியம், மீண்டும் அறை. வீட்டில் துப்பாக்கியும் இருந்துவிட்டால், அது வெடிக்க வேண்டியதுகூட இல்லை. மேசைமேல் கிடந்தாலே போதும், அவள் பேசமாட்டாள். அலமாரியில் இருப்பதை அவள் அறிந்தாலே போதும். காவல் நிலையத்தின் படி ஏறமாட்டாள். வெடித்துவிட்டாலோ, மன்னிப்புக் கேட்க ஆள் இருக்கமாட்டாள். ஜாக்குலின் கேம்பெல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் 11 நகரங்களில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இது: கொடுமைக்காரனின் கைக்குத் துப்பாக்கி எட்டுமானால், அவனால் பெண் கொல்லப்படும் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்காகிறது. கோபம் எல்லா வீட்டிலும் உண்டு; கோபத்தின் கைக்குக் கருவி எட்டும் வீட்டில்தான் பிணம் விழுகிறது.

இதை உணர்ந்த பிறகே சட்டம் அசைந்தது. ஒரு பெண்ணைத் துன்புறுத்தக்கூடாது என்று நீதிமன்றத்தின் காப்பாணைக்கு உட்பட்டவன், அந்த ஆணை நடப்பிலிருக்கும்வரை துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று 1994-இல் விதி வகுத்தனர். 1996-இல், நியூ ஜெர்சியைச் சேர்ந்த செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பர்க் கொண்டுவந்த திருத்தம் மேலும் ஒரு படி சென்றது: குடும்பத்துள் வன்முறைக்காகத் தண்டனை பெற்றவன், அது ‘சிறு குற்றம்’ என்றே பெயர் பெற்றிருந்தாலும், துப்பாக்கியைத் தொடக்கூடாது. காவலராயினும் படைவீரராயினும் விலக்கில்லை! மனைவியை அடித்துத் தண்டனை பெற்ற காவலர், சீருடை அணிந்து நின்றாலும் அரசின் துப்பாக்கியைத் தாங்க முடியாது. அரசின் ஆயுதத்தைத் தாங்கும் தகுதியை வீட்டிலே அவர் நடந்துகொண்ட முறையைக் கொண்டும் அளக்கலாம் என்று ஒரு நாட்டின் சட்டம் ஏற்றது சிறிய செய்தியன்று.

மீறியவனுக்கு 10 ஆண்டு வரை சிறை என்றிருந்தது. 2022 ஜூன் 25 அன்று கையெழுத்தான சட்டம் அதை 15 ஆண்டு வரை என்று உயர்த்தியது. மணம் புரியாமலும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தாமலும் காதலனாகப் பழகியவன் முன்பு வலையிலிருந்து தப்பினான். அவனையும் அந்தச் சட்டம் பெருமளவுக்கு வளைத்துப் பிடித்தது.

இரண்டு நாள் முந்தி, ஜூன் 23 அன்று, வேறொன்று நடந்திருந்தது. உச்சநீதிமன்றம் நியூ யார்க் மாநிலத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய வழக்கில் ஒரு புதிய அளவுகோலைத் தந்தது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமானாலும், அந்நாட்டின் பழைய மரபோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் செல்லாது! ‘இந்தச் சட்டத்தால் உயிர் பிழைக்குமா?’ என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. ‘அந்தக் காலத்தில் இப்படி இருந்ததா?’ என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

அந்த அளவுகோல் யாருக்குப் பயன்பட்டது தெரியுமா? டெக்சாசு மாநிலத்தில் 2019-இல் ஒருவன், தன் குழந்தையின் தாயான காதலியைப் பொதுவிடத்தில் இழுத்துச் சென்று காருக்குள் தள்ளினான். அவள் தலை மோதியது. வழிப்போக்கர் ஒருவர் பார்த்துவிட்டதைக் கண்டு துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். பிறகு தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொன்னால் உன்னையும் சுடுவேன் என்று மிரட்டினான். 2020-இல் நீதிமன்றம் காப்பாணை பிறப்பித்தது. அதன் பின்னும் அடுத்தடுத்து ஐந்து துப்பாக்கிச் சூடுகளில் அவன்மீது ஐயம் எழுந்தது. காவலர் அவன் வீட்டைச் சோதித்தபோது கைத்துப்பாக்கியும் கிடைத்தது, நீள்துப்பாக்கியும் கிடைத்தது. அவற்றோடு, துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று சொல்லும் அந்தக் காப்பாணையின் படியும் கிடைத்தது! குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றான். புதிய அளவுகோல் வந்ததும், ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அந்தத் தண்டனையை நீக்கியது. காரணம்? அவன் நல்லவன் என்பதா? இல்லை. நல்லவன் என்று அந்த நீதிபதிகளும் சொல்லவில்லை. குடும்ப வன்முறைக்காரனின் துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் முன்னோர் காலத்தில் இல்லை என்பதே காரணம்.

தோழர்களே, சற்று நின்று எண்ணிப் பாருங்கள். முன்னோர் காலத்தில் அப்படி ஒரு சட்டம் ஏன் இல்லை? அன்று பெண்கள் அடிபடவில்லையா? அடிபட்டார்கள். அடிபட்டவள் கண்ணீர் அன்று உப்புக் கரிக்கவில்லையா? கரித்தது. சட்டம் இயற்றிய மன்றத்தில் அவள் இல்லை, அதுதான் காரணம். இரண்டாவது திருத்தத்தை வகுத்த அமெரிக்கக் காங்கிரசில் ஒரு பெண்கூட உறுப்பினரில்லை. அந்த அவையில் முதல் பெண் அடியெடுத்து வைத்தது 1917-இல். பெண் என்பதற்காக வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதியது 1920-இல். திருமணமானவளின் சட்ட உரிமைகள் கணவனின் ஆளுமைக்குள் மறைந்துபோன காலம் அது. அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே அமர்ந்தோர் எழுதிய ஏட்டில் அவளுக்குக் காப்பு இல்லை. இல்லாததையே எடுத்துக்காட்டி, இன்றும் உனக்குக் காப்பு இல்லை என்பது அநீதியை அநீதிக்கே சான்றாக நிறுத்துவதாகும்! அன்று செய்த கொடுமை, இன்று செய்யும் கொடுமைக்கு அத்தாட்சி ஆகிறது!

இதிலே இன்னொரு விந்தையும் உண்டு. எந்த 1791-ஐ அந்த நீதிபதிகள் தலைமேல் வைத்துப் போற்றினரோ, அதே 1791-இல்தான் தாமஸ் பெயின் தம் ‘மனிதனின் உரிமைகள்’ என்ற நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். அமெரிக்க விடுதலைக்காக எழுதுகோலை வாளாக்கிய அதே பெயின்! ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத் தானே ஆள உரிமையுடையது. கல்லறைக்குள் சென்றுவிட்டவர் உயிரோடிருப்பவரை ஆள முடியாது என்பது அந்த நூலில் அவர் வற்புறுத்திய கருத்து. முன்னோரைத்தான் கேட்போம் என்பவர்கள், முன்னோருள் இந்த ஒருவரைக் கேட்கக்கூடாதா?

நல்ல வேளையாக, கதை அங்கே முடியவில்லை. 2024 ஜூன் 21 அன்று, ‘ரஹிமி வழக்கு’ என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் காப்பாணைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, பழைய சட்டத்தின் இரட்டைப் பிள்ளையாகப் புதிய சட்டம் இருக்க வேண்டியதில்லை. பழையதன் அடிப்படைக் கொள்கையோடு பொருந்தினால் போதும் என்றது. பிறருக்குத் தீங்கு செய்வான் என்று அஞ்சத்தக்கவனிடம் அமைதிக்குப் பிணை வாங்கும் வழக்கம் பழைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. கணவனுக்கு எதிராக மனைவியும் அதைக் கோரலாம் என்று பிளாக்ஸ்டன் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்காட்டியது. நம்மூர் நீதிமன்றங்களில் ‘நன்னடத்தை ஜாமீன்’ என்கிறார்களே, அதன் வழிவந்ததே அது. மாறுபட்டவர் ஒருவர் மட்டுமே: 2022-இன் அளவுகோலை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். முன்னோரிடத்தில் இத்தகைய சட்டம் இல்லை என்பதே அவருடைய நிலை.

தீர்ப்பை வரவேற்போம். ஆனால், மகிழ்ச்சியோடு ஓர் ஐயத்தையும் சேர்த்தே எழுப்புவோம். பிளாக்ஸ்டன் அந்த வரியை எழுதாதிருந்தால்? அந்த ஏட்டைச் செல்லரித்துப் போயிருந்தால்? அந்தப் பெண்ணின் உயிருக்கு மதிப்பு இல்லாமல் போயிருக்குமா? ஓர் உயிரைக் காப்பது சரி என்பதற்கு, அந்த உயிர் உயிராக இருப்பது போதாதா? விடை சரியாக வந்தது. கணக்குப் போட்ட வழிதான் கோணல்.

சட்டத்துக்கு எதிராக அறிவோடு எழுப்பப்படும் கேள்விகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது பகுத்தறிவாளனுக்கு அழகன்று.

“இன்னும் கொலை செய்யாதவனிடமிருந்து, கொலை செய்வான் என்று கருதி உரிமையைப் பறிப்பது முறையா?” என்கின்றனர். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கூடாது, உண்மை. ஆனால், இங்கே அவன் ஒன்றுமே செய்யாதவன் அல்லன். அடித்திருக்கிறான், தண்டனை பெற்றிருக்கிறான். அல்லது நீதிமன்றம் அவனுக்கு அறிவிப்பு அனுப்பி, பேச வாய்ப்பளித்து, காப்பாணை பிறப்பித்திருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனிடமிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுக்கிறோம். ஓர் ஆள் சக்கரத்தின் அடியில் சாகும்வரை காத்திருப்பதில்லை. துப்பாக்கியை இழந்தவன் ஒரு பொருளை இழக்கிறான்; அவன் அதை வைத்திருந்தால் அவள் இழக்கக்கூடியது உயிர். இழந்த பொருளைச் சட்டம் ஒரு நாள் திருப்பித் தரலாம். உயிரைத் திருப்பித் தரும் நீதிமன்றம் எந்த நாட்டிலும் இல்லை.

“பொய்ப் புகாராக இருந்தால்?” என்றும் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் விசாரணை வேண்டும். மறுமொழி கூற வாய்ப்பு வேண்டும். ஆணைக்குக் கால எல்லை வேண்டும். ஒரு தலைச் சொல் கேட்டு ஒருவனை வாழ்நாள் முழுதும் வதைக்கும் சட்டத்தை நாம் ஆதரிக்க முடியாது. 2022-இன் சட்டத்திலேயே, காதலன் என்ற நிலையில் ஒருமுறை மட்டும் குற்றம் செய்து, பிறகு ஐந்தாண்டுகள் ஒழுங்காக இருந்தவனுக்கு உரிமை மீளும் என்ற வழி இருக்கிறது. திருந்தியவனுக்குக் கதவு திறந்திருக்கட்டும். திருந்தினானா என்று அறியும் முன்பே துப்பாக்கியைக் கையில் கொடுக்க வேண்டாம் என்பதே நம் வாதம்.

மூன்றாவது கேள்விதான் கடுமையானது: 15 ஆண்டு என்று எழுதிவிட்டால் பெண் காக்கப்பட்டுவிடுவாளா? இல்லை! 2017 நவம்பர் 5 அன்று, டெக்சாசு மாநிலத்துச் சதர்லண்டு ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் தேவாலயத்தில், வழிபாட்டுக்கு வந்தோர்மீது ஒருவன் குண்டுமாரி பொழிந்தான். பிறவாக் குழந்தை ஒன்றையும் சேர்த்து 26 உயிர்கள் மாண்டன. அவன் முன்னாள் வான்படையாள். மனைவியையும் அவளுடைய பச்சிளங் குழந்தையையும் அடித்த குற்றத்துக்காக 2012-இல் படைத்துறை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். சட்டப்படி அவன் துப்பாக்கியைத் தொட முடியாது. ஆனால், அந்தத் தண்டனைச் செய்தியைப் பதிவேட்டில் சேர்க்குமாறு வான்படை அனுப்ப வேண்டிய தகவலை அனுப்பவேயில்லை! கடைக்காரர் விசாரித்தார், பதிவேடு தடை சொல்லவில்லை, துப்பாக்கி கைமாறியது. அந்தப் படுகொலைக்கு அமெரிக்க அரசும் 60 விழுக்காடு பொறுப்பு என்று 2021-இல் ஒரு நீதிபதி தீர்ப்புக் கூறினார்.

சட்டம் இருந்தது, தண்டனை இருந்தது, தகவல் மட்டும் போகவில்லை. டெக்சாசுக்காரனின் வீட்டில் காப்பாணையும் துப்பாக்கியும் ஒரே கூரையின்கீழ்க் கிடந்ததும் இதே கதைதான். தொடாதே என்று தாளில் எழுதினார்கள். அவன் கையிலிருந்ததைச் சென்று எடுக்கவில்லை. நடுவணரசின் சட்டம் வைத்திருக்காதே என்கிறது. யாரிடம், எத்தனை நாளுக்குள் ஒப்படைப்பது என்ற முறையை வகுக்கவில்லை. அதை மாநிலங்களுக்கு விட்டுவிட்டது. எல்லா மாநிலங்களும் ஒன்றுபோல் செய்யவில்லை. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தவறாமல் வரும் என்ற உறுதியே என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இலேயே எடுத்துரைத்தார். பத்தைப் பதினைந்தாக்குவது எளிது. கையெழுத்துப் போட்டால் போதும். ஆணை பிறந்த அன்றே வீட்டுக்குச் சென்று துப்பாக்கியை எடுத்துவர ஆள் வேண்டும், அக்கறை வேண்டும். கொலை விழுந்த பின் கொலைகாரனைப் பதினைந்து ஆண்டு பூட்டி வைப்பது, புதைகுழிக்கு வேலி கட்டுவதாகும். வேலி அவள் உயிரோடு இருக்கும்போது வேண்டும்.

ஆகவே, இந்த வழக்கு நமக்குக் கற்பிப்பது இது. ஓர் ஏட்டை நீட்டி, “இதில் இல்லை” என்று எவரேனும் சொன்னால், இருக்கிறதா இல்லையா என்று தேடுவதற்கு முன், மூன்று கேள்விகள் கேட்கப் பழகுவோம்: எழுதியவர் யார்? எழுதியபோது வெளியே நிறுத்தப்பட்டவர் யார்? இன்று அதனால் அடிபடுகிறவர் யார்? இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் விடை ஒன்றாகவே இருந்தால், அந்த ஏட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதியில்லை. தீர்ப்புக்கு உட்படும் தகுதிதான் உண்டு.

ஏட்டை மனிதன் எழுதினான், மனிதன் திருத்தலாம். உயிரை எந்த ஏடும் எழுதவில்லை. போனால் எந்த ஏடும் திருப்பி எழுதாது. எதைக் காப்பது முதற் கடமை என்று, இளைஞர்களே, உங்கள் அறிவையே கேளுங்கள்!